ஐந்து என்று எண்ணினேன், அது ஆறு: ஒரு 32 அங்குல ரீவியைத் திருத்திய பதிவு

மல்லாவியில் எங்கள் ஒழுங்கையின் முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மாமியின் 32 அங்குல எல்.ஈ.டி. ரீவி மாசி மாதத்தில் பதினேழு நாள் என் வேலை மேசையிற் கிடந்தது. அந்தப் பதினேழு நாளில் உண்மையான வேலை இரண்டு நாளுக்கு மேல் இல்லை. மிகுதி நாட்கள் நான் தவறான பலகையைச் சந்தேகித்ததாலும், தேவையற்ற உதிரிகளை மாற்றியதாலும், கொழும்பிலிருந்து வரவேண்டிய பொதிக்குக் காத்திருந்ததாலும் கழிந்தன. பெட்டி இப்போது இரண்டு மாதமாக ஓடுகிறது என்பதால், நினைவு மங்குவதற்கு முன் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

என் தொழில் தண்ணீர்ப் பம்பிகளின் மோட்டார் சுற்றுவது. ரீவி திருத்துவது பின்னேர வேலை. மின்சாரமே இல்லாதிருந்த 1990களின் வன்னியில், கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. பற்றாசு பிடிக்கப் பழகியது அந்த வானொலியில்தான். அதனால் பழைய பழக்கமாக, எந்தப் பெட்டி வந்தாலும் உடனே திருப்புளியை எடுத்துவிடுவேன். இந்தப் பெட்டி அந்தப் பழக்கத்துக்குத்தான் முதலில் விலை கேட்டது.

குறை இதுதான்: றிமோட்டில் அழுத்தினால் நிறுவனத்தின் பெயர் ஏறக்குறைய இரண்டு வினாடி தெரியும், உடனே திரை இருண்டுவிடும், சில வினாடிகளில் பெட்டி தானாக அணைந்து, கீழே உள்ள சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கும். நகரத்துக் கடையொன்றில் காட்டியபோது "பனல் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. பின்மூடியின் திருகாணிகளில் பத்தாண்டுத் தூசி அப்படியே இருந்தது. பெட்டி எந்த நிறுவனத்தினது என்பதை இங்கே எழுதவில்லை. வாங்கியது 2014இல். இவ்வளவு காலம் ஓடிய ஒரு பொருளின் பழுதைச் செய்தவன்மேற் சுமத்துவது நியாயமன்று.

சிவப்பு விளக்கு சும்மா சிமிட்டுவதில்லை. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை சிமிட்டி, சற்று நின்று, மறுபடி அதே எண்ணிக்கையைச் சிமிட்டும். இந்த வகைப் பெட்டியில் இரண்டு என்றால் மின்வழங்கல், ஐந்து என்றால் பனலுக்குப் படத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரீ-கொன் போட், ஆறு என்றால் திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பின்னொளி, ஏழு என்றால் வெப்பநிலை. வேறு நிறுவனத்தின் பெட்டியில் இதே எண்கள் வேறு பொருளைத் தரும். ஒரே நிறுவனத்தின் வேறு ஆண்டுப் பெட்டியிற்கூட மாறலாம். ஆகவே அந்தந்தப் பெட்டியின் சேர்விஸ் கையேட்டைத் தேடி எடுத்த பின்பே எண்ணுக்குப் பொருள் சொல்ல வேண்டும். கையேட்டை எடுத்திருந்தேன். எண்ணுவதில்தான் பிழைவிட்டேன்.

பெட்டி அணைந்ததும் எண்ணத் தொடங்கி, ஐந்து என்று முடித்தேன். இரண்டாம் முறையும் ஐந்து. ரீ-கொன் போட் என்று முடிவுகட்டி, பின்மூடியைக் கழற்றி, மெயின் போட்டிலிருந்து ரீ-கொன்னுக்குப் போகும் தட்டை நாடாவை உருவி, முனைகளை ஐசோபுறொப்பைல் அற்ககோலால் துடைத்து, மறுபடி செருகினேன். பலகைக்கு 12 வோல்ற் சரியாக வந்தது, அதிலிருந்த சிறு பியூசும் நன்றாக இருந்தது. இரண்டும் சரியென்று தெரிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. நாடாவை நான்காம் முறை செருகும்போது அதன் பிடிப்பூட்டின் ஒரு காது முறிந்தது. இன்றுவரை அந்த இடத்தில் வெப்பம் தாங்கும் மஞ்சள் நிறத் தேப்புத்தான் ஒட்டியிருக்கிறது. இரண்டு பின்னேரங்கள் இதிற் போயின. ரீ-கொன் போட்டின் விலையை விசாரிக்கத் தொலைபேசியை எடுத்த வேளையில், அருகே இருந்த மருமகன் அதே சிமிட்டலைத் தன் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுக் காட்டினான். ஆறு. பெட்டி அணையும் கணத்திலேயே முதற் சிமிட்டல் வந்துவிடுவதால், அதை அணைவதன் ஒரு பகுதியாகவே என் கண் எடுத்துக்கொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் முதற்சுற்றை எண்ணுவதில்லை. இரண்டாம் மூன்றாம் சுற்றுகளைப் படமெடுத்துத்தான் எண்ணுகிறேன்.

ஆறு என்றால் பின்னொளி. ஆனால் ஒரு தடவை ஏமாந்தவனுக்கு இன்னொரு சாட்சி தேவைப்பட்டது. இந்தப் பெட்டி தன் பிழைகளைத் தானே குறித்துவைத்திருக்கும் ஒரு பக்கம் உண்டு. பெட்டி சிவப்பு விளக்குடன் காத்திருக்கும் நிலையில் றிமோட்டில் திரைத்தகவற் பொத்தான், 5, ஒலி குறைக்கும் பொத்தான், மின் பொத்தான் என்ற வரிசையில் இடைவிடாமல் அழுத்தினால் அந்தப் பக்கம் திறக்கும். மூன்றாவதாக ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினால் திறப்பது சேர்விஸ் மோட். முதலாவதில் படிக்க மட்டுமே முடியும். இரண்டாவதில் பெட்டியின் அளவமைப்புகளையே மாற்றலாம் என்பதால், குறை காணும் வேலைக்கு அதற்குள் போகவேண்டிய தேவை இல்லை.

மற்ற நிறுவனங்களின் வாசல்கள் வேறு. சாம்சுங்கின் பழைய பெட்டிகள் பலவற்றில் ஒலி நிறுத்தும் பொத்தான், 1, 8, 2, மின் பொத்தான் என்ற வரிசை. எல்.ஜி. பெட்டிகள் பலவற்றில் றிமோட்டிலும் பெட்டியிலும் மெனுப் பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் கடவுச்சொல் கேட்கும். 0413 அல்லது 0000 பெரும்பாலும் ஏற்கும். பழுதான பெட்டிகளுக்குள் பொருத்தப்படும் சீனப் பொதுப் பலகைகள் சிலவற்றில் மெனுவை அழுத்தி 1147. இந்தக் கடைசி வகையில் ஒரு முறை பனல் வகையை மாற்றிப் பார்த்துவிட்டு, திரை முழுவதும் கோடுகளாகிப்போக, எழுத்துத் தெரியாத மெனுவில் எத்தனையாவது வரியில் நிற்கிறேன் என்று விரலால் எண்ணி எண்ணி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகே மீட்டேன். அன்றிலிருந்து எந்த அளவமைப்பைத் தொடுவதற்கு முன்னும் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்கிறேன்.

பின்னொளி இல்லாத பெட்டியில் அந்தப் பக்கத்தை எப்படி வாசிப்பது என்பது அடுத்த சிக்கல். திரை கறுப்பாகத் தெரிந்தாலும் எழுத்து அங்கே இருக்கிறது, ஒளிதான் இல்லை. அறையை இருட்டாக்கி, டோர்ச் லைற்றைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்தால் எழுத்துச் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அதுவும் பெட்டி அணையும்வரை உள்ள சில வினாடிகளுக்கு மட்டும். மருமகன் படமெடுக்க, நான் டோர்ச் பிடிக்க, நான்காம் முயற்சியில் முழுப் பக்கமும் கிடைத்தது. பின்னொளியைக் குறிக்கும் 006க்கு நேரே 14 தடவை. மின்வழங்கலைக் குறிக்கும் 002க்கு நேரே 3 தடவை. மற்றவை எல்லாம் சுழியம். கடைசி வரியில் மூன்று எண்கள்: மொத்தமாக ஓடிய மணித்தியாலம், எத்தனை தடவை இயக்கப்பட்டது, பனல் ஓடிய மணித்தியாலம். பனல் 16,842 மணித்தியாலம் ஓடியிருந்தது. பத்தாண்டுக்குப் பிரித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு நாலரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். மாமியின் மாலை நேர நாடகங்களுக்கும் செய்திக்கும் அது சரியாக இருந்தது.

இந்த இடத்தில் இரண்டாம் பிழையைச் செய்தேன். 002க்கு நேரே மூன்று என்று கண்டதும், பின்னொளிக்கு மின் கொடுக்கும் பவர் போட்தான் மூலகாரணம் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் மின்கம்பியின் கடைசி. மாலை ஆறரைக்கு என் மீற்றரில் 196 வோல்ற்றும் பார்த்திருக்கிறேன். அந்த நினைவும் சேர்ந்து, பவர் போட்டின் வெளியீட்டுப் பக்கத்துக் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்) நான்கையும் மாற்றினேன். 480 ரூபாய். கழற்றியவற்றை அளந்தால், 470 மைக்ரோபரட் என்று அச்சிட்டிருந்தவை 450க்கு மேல் காட்டின, ஒன்றுகூட வீங்கியிருக்கவில்லை. பெட்டி முன்போலவே ஆறு தடவை சிமிட்டியது.

மாமியிடம் போய், மின்சாரம் சம்பந்தமாக முன்பு ஏதும் நடந்ததா என்று கேட்டேன். "ஓம் தம்பி, கார்த்திகையிலை இடி இடிச்ச அண்டு மூண்டு தரம் நிண்டு நிண்டு வந்தது. பிறகு ஒரு குறையுமில்லை" என்றார். அந்த மூன்று தரம், 002க்கு நேரே குறிக்கப்பட்ட மூன்றாகவே இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். பெட்டியின் பதிவேட்டில் நாள் இல்லை, எண்ணிக்கை மட்டுமே உண்டு. நேற்றைய பழுதும் மூன்று மாதத்துக்கு முந்திய பழுதும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கும். முதலில் எண்ணிக்கையை அழித்துவிட்டு, பழுதை மறுபடி வரவைத்து, எது ஏறுகிறது என்று பார்த்திருக்கவேண்டும். அந்தப் பக்கத்தில் நின்றபடி 8, பிறகு 0 அழுத்தினால் பிழை எண்ணிக்கை அழியும். பெட்டி அணைவதற்குள் அதை அழுத்தி முடிக்க மூன்று முயற்சி எடுத்தது. அதன்பின் ஐந்து தடவை இயக்கிப் பார்த்தேன். 006 மட்டும் ஐந்தாக ஏறியது. 002 சுழியத்தில் நின்றது.

இனி மீற்றரின் வேலை. ஆறு என்ற எண் பின்னொளிப் பகுதியில் ஒன்று தவறியது என்று மட்டும் சொல்கிறது. எல்.ஈ.டி. விளக்குகள் வரிசையாக உள்ள பட்டி பழுதானதா, அதற்கு மின் தரும் சுற்று நின்றதா, இடையிலுள்ள கம்பி அறுந்ததா என்பதை அது சொல்வதில்லை. பவர் போட்டில் பின்னொளிக்குப் போகும் செருகியில் மீற்றரை வைத்து இயக்கியபோது, வோல்ற்றளவு 110வரை ஏறி, ஒரு கணம் நின்று, சுழியத்துக்கு விழுந்தது. சுற்று மின்னைத் தருகிறது, வாங்குவதற்கு ஆளில்லை, ஆகவே தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்துகிறது. மின் தரும் பக்கம் நிரபராதி.

இதை உறுதிசெய்ய எல்.ஈ.டி. பட்டி சோதிக்கும் கருவி தேவை. இரவல் வாங்க ஊரில் எவரிடமும் இல்லாததால், மாங்குளம் போய் ஏ-9 வீதியில் வவுனியா பஸ் ஏறி, 5,200 ரூபாய்க்கு ஒன்று வாங்கிவந்தேன். இரண்டு முனைகளை வைத்தால் தேவையான வோல்ற்றளவைத் தானே தேடி, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் பட்டியை எரியவைத்து, எத்தனை வோல்ற் என்று எண்ணிற் காட்டும். வெறும் முனைகளில் 200 வோல்ற்றுக்கு மேல் நிற்கும் என்பதை, வாங்கிய அன்று பின்னேரமே என் இடது கைப் பெருவிரல் அறிந்துகொண்டது. பெட்டியின் செருகியில் வைத்தேன்: ஒளி இல்லை, கருவி தன் உச்ச அளவைக் காட்டியது. ஆகவே பனலுக்குள் எங்கோ தொடர் அறுந்திருக்கிறது. பனலைத் திறந்தே ஆகவேண்டும்.

இந்த இடத்தில் நிதானமாக எழுதவேண்டியிருக்கிறது, ஏனெனில் ரீவி திருத்துபவர்கள் பெட்டியைக் கொல்வது பெரும்பாலும் இங்கேதான். முதலில் பவர் போட்டின் பெரிய கொள்ளளவி. 230 வோல்ற் ஆடலோட்டம் நேராக்கப்பட்டதும் அதில் ஏறக்குறைய 325 வோல்ற் நிற்கும். செருகியைச் சுவரிலிருந்து கழற்றிய பின்னும் சிறிது நேரம் நிற்கும். ஒரு பழைய 60 வாற் குமிழின் இரு கம்பிகளை அதன் முனைகளில் வைத்து இறக்கிவிட்டு, மீற்றரால் அளந்த பின்பே கைவைத்தேன். அடுத்தது கண்ணாடி. கூடத்தில் மெத்தையை விரித்து, அதன்மேல் துவைத்த வெள்ளை விரிப்புப் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தினோம். மாசியின் செம்மண் தூசி ஒரு துகள் உள்ளே போனாலும் எரியும் திரையில் அது எப்போதும் தெரியும். சட்டகத்தைக் கழற்றியதும் கண்ணாடியைத் தூக்க இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். அதன் விளிம்பிலிருந்து இறங்கும் மெல்லிய நாடாக்களில் ஒன்று மடிந்தாலும் திரையில் நிலைக்குத்துக் கோடு விழும், அதைத் திருத்த என்னிடம் வழியில்லை. கண்ணாடிக்கு அடியில் மூன்று ஒளிபரப்பும் தாள்கள். அவற்றின் வரிசையையும் எந்தப் பக்கம் மேலே என்பதையும் படமெடுத்து, மூலையில் பென்சிலால் எண்ணிட்டேன்.

உள்ளே தலா 8 எல்.ஈ.டி. கொண்ட 3 பட்டிகள், ஒவ்வொன்றும் 59 சென்ரிமீற்றர். மொத்தம் 24 எல்.ஈ.டி., எல்லாம் ஒரே தொடரில். கருவியைத் தனித்தனியே வைத்தபோது மேல், கீழ்ப் பட்டிகள் 24 வோல்ற்றளவில் எரிந்தன, நடுப்பட்டி எரியவில்லை. அதில் ஒவ்வொரு எல்.ஈ.டி.யாகத் தொட்டுப் பார்த்ததில் ஐந்தாவது மட்டும் இருள். அதன் வில்லையை உயர்த்தினால் மஞ்சட் பரப்பின் நடுவில் கடுகளவு பழுப்புப் புள்ளி. கடுகளவான ஒன்று போனதற்காக 23 நல்லவை அணைந்து கிடந்தன. மூலையில் ஒரு பல்லி முட்டை ஓடும் எறும்புப் புற்றுமண்ணும் இருந்தன, ஆனால் இந்தக் குறையில் அவற்றுக்குப் பங்கில்லை. தூரிகையால் தட்டி எடுத்தேன்.

மூன்றாம் பிழை சிக்கனத்தால் வந்தது. ஒரு எல்.ஈ.டி.யை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்து 650 ரூபாய்க்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். பார்வைக்கு அதே அளவு, அதே வடிவம். பற்றாசு பிடித்து மின் கொடுத்தால் அது மட்டும் எரிய மறுத்தது. தனியே அளந்தபோது 6 வோல்ற் கேட்டது. பெட்டியில் இருந்தவை 3 வோல்ற். இரண்டும் ஒரே உடலில் வருகின்றன என்பதைப் பொட்டலம் வாங்கிய பிறகு அறிந்தேன். கோபம் ஆறியதும் அந்த 16,842 மணித்தியாலக் கணக்கு நினைவுக்கு வந்தது. ஒன்று போயிருக்கிறது என்றால் அதே வயதுள்ள 23உம் அதே பாதையில்தான் நிற்கின்றன. ஒன்றை மாற்றிக் கண்ணாடியை மூடினால், ஆறு மாதத்தில் மறுபடி அந்த ஆபத்தான கண்ணாடியைத் தூக்கவேண்டிவரும். மூன்று பட்டிகளையும் மாற்றுவதென்று முடிவுசெய்து, பட்டியில் அச்சிட்டிருந்த இலக்கத்தையும் நீளத்தையும் எல்.ஈ.டி.களின் இடைவெளியையும் கொழும்புக் கடைக்குப் படமாக அனுப்பினேன். பட்டிகள் 3,900 ரூபாய், கூரியர் 450.

வந்த பட்டிகளில் நீளமும் இடைவெளியும் சரி. செருகி மட்டும் எதிர்ப்பக்க முனையில் இருந்தது. பழைய செருகியின் கம்பியை வெட்டி, நேர்முனை எதிர்முனை பார்த்துப் பற்றாசு பிடித்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடினேன். தகட்டிலிருந்த பழைய பசையை அற்ககோலால் துடைத்து, வெப்பம் கடத்தும் இருபக்க ஒட்டியில் புதியவற்றைப் பதித்தேன். கண்ணாடியை மூடுவதற்கு முன் கருவியால் மூன்றையும் சேர்த்து எரியவைத்தேன். பிறகு பெட்டியின் சொந்த மின்னிலும் ஓடவிட்டு அளந்தேன்: 72.6 வோல்ற், அசையாமல்.

மூடி இயக்கினோம். படம் வந்தது, ஒலி வந்தது, இடது மேல் மூலையில் நிலவுபோல ஒரு வெள்ளைப் பொட்டும் வந்தது. ஒளியைப் பரப்பும் சிறு வில்லைகளில் ஒன்று, துடைக்கும்போது என் கைபட்டு விழுந்திருக்கிறது. வில்லை இல்லாத இடத்தில் எல்.ஈ.டி.யின் ஒளி நேரே திரையைக் குத்துகிறது. மருமகன் ஒன்றும் சொல்லாமல் மெத்தையை மறுபடி விரித்தான். வில்லையைச் சூப்பர் குளூவால் ஒட்டக்கூடாது; அதன் ஆவி வில்லையை வெள்ளையாக்கிவிடும். 250 ரூபாய்க்கு இரண்டு குழாய் எப்பொக்சி வாங்கிக் கலந்து, குண்டூசி முனையால் மூன்று காலிலும் ஒவ்வொரு துளி வைத்தேன். மற்ற 23 வில்லைகளையும் விரல் நுனியால் அசைத்துப் பார்த்தபோது இன்னும் இரண்டு தளர்ந்திருந்தன. அடுத்த முறை புதிய பட்டியைப் பதிப்பதற்கு முன்பே எல்லா வில்லைகளையும் இப்படி அசைத்துப் பார்ப்பேன்.

பெட்டிக்கு உண்மையில் தேவைப்பட்டது பட்டி, கூரியர், பசை என 4,600 ரூபாய். கொள்ளளவிக்கும் தவறான எல்.ஈ.டி.க்கும் போன 1,130 என் கணக்கு. மாமியிடம் அதை வாங்கவில்லை. கூலியோடு 7,000 வாங்கினேன். சோதனைக் கருவி என்னிடமே இருக்கிறது, அதன்பின் இன்னும் இரண்டு பெட்டிகளுக்கு உதவியது. அதில் ஒன்றின் பனலைத் திறக்காமலே, செருகியில் முனை வைத்த ஐந்தாம் நிமிடத்தில், பட்டிதான் என்று சொல்ல முடிந்தது.

கொடுத்தனுப்புவதற்கு முன் பிழைப் பக்கத்தைத் திறந்து எண்ணிக்கைகளை மறுபடி அழித்து, ஆறு மணித்தியாலம் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தேன், எல்லாம் சுழியம். அதே பக்கத்தில் 7, 0 அழுத்திப் பனல் மணித்தியாலத்தையும் சுழியமாக்கலாம். அதைச் செய்யவில்லை. மாற்றியது விளக்கை மட்டுமே, கண்ணாடியின் வயது அதே வயது. அதற்குப் பதிலாக, பின்மூடியின் உட்பக்கத்தில் மார்க்கரால் "பட்டி மாற்றியது: 16,842" என்று எழுதினேன். அடுத்துத் திறப்பவர் நானாக இல்லாவிட்டாலும் கழித்துப் பார்த்துக்கொள்வார். பயன்படுத்துபவரின் மெனுவில் உச்சத்தில் நின்ற பின்னொளி அளவை 10இலிருந்து 6க்கு இறக்கினேன். படம் இருண்டுவிட்டது என்று மாமி இரண்டு நாள் முறையிட்டார், பிறகு மறந்துவிட்டார்.

சென்ற வாரம், சித்திரை வெயிலில், மாமி வீட்டுக்குப் போனபோது றிமோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பனல் 17,150ஐத் தாண்டியிருந்தது. 006 சுழியம். 007, அதாவது வெப்பநிலை, ஒன்று. பெட்டி தகரக் கூரைக்கு அடியில், அலமாரியின் மேற்தட்டில், பின்பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது. மதியம் இரண்டு மணிக்குப் பின்மூடியின் காற்றுத் துளைகளில் கைவைக்க முடியவில்லை. அலமாரியின் நடுத்தட்டுக்கு இறக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்து வைத்துவிட்டு, எண்ணிக்கையை அழிக்காமல் அப்படியே விட்டு வந்திருக்கிறேன்.